கறுப்புக் காண்டாமிருக வேட்டை: கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆப்பிரிக்க வேட்டைச் சுற்றுலா பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். செத்த சிங்கத்தின் மேல் கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருப்பவரின் படம் எனக்கும் அருவருப்பையே தந்தது. ஆனால், அருகிவரும் விலங்குகளைச் சுடுவது உலகம் முழுவதும் குற்றம் என்றும், அங்கே நடப்பதெல்லாம் காசு கொடுத்துச் செய்யும் கள்ள வேட்டை என்றும் கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று.

1975-இல் நடைமுறைக்கு வந்து, மறு ஆண்டே இந்தியாவும் சேர்ந்த சைட்டிஸ் என்னும் காட்டுயிர் வணிகத்துக்கான பன்னாட்டு உடன்படிக்கை, தன் முதல் அட்டவணையில் உள்ள, அழியும் ஆபத்து மிகுந்த உயிரினங்களின் வணிகத்தைத்தான் தடுக்கிறது. வேட்டையாடியவர் தம் வீட்டுச் சுவருக்கென்று கொண்டுபோகும் தலையையும் தோலையும் அது வணிகமாகக் கொள்வதில்லை; அனுப்பும் நாடும் பெறும் நாடும், அந்த இனத்துக்கு இதனால் கேடில்லை என்று தனித்தனியே ஆராய்ந்து அனுமதிச் சீட்டு கொடுத்தால் அது எல்லை தாண்டலாம். 2004-இல் பாங்காக்கில் கூடிய சைட்டிஸ் மாநாட்டில் நமீபியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் ஆண்டுக்கு ஐந்தைந்து முதிர்ந்த ஆண் கறுப்புக் காண்டாமிருகங்கள் என்று ஒதுக்கீடு வகுக்கப்பட்டது. நமீபியாவின் உரிமங்களில் ஒன்று 2014 ஜனவரியில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 3,50,000 டாலருக்கு ஏலம் போனது. ஏலம் எடுத்தவர் மறுநாளே துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிடவில்லை. தலையை உள்ளே கொண்டுவர அமெரிக்க அரசு இசைவு தரும்வரை ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, 2015 மே மாதத்தில்தான் சுட்டார். எதைச் சுடுவது என்பதும் அவர் விருப்பம் அன்று. இனப்பெருக்க வயதைக் கடந்தும் இடத்தை விடாமல், இளைய காண்டாமிருகங்களைக் குத்திக் கொல்லும் கிழட்டு ஆண்களுக்கே இந்த உரிமம் என்பது நமீபிய அரசின் நிலைப்பாடு.

சிங்கத்துக்கு விதி இன்னும் நுட்பமானது. டான்சானியாவிலும் மொசாம்பிக்கின் நியாசா காப்பகத்திலும் ஆறு வயது நிரம்பாத ஆண் சிங்கத்தைச் சுடக் கூடாது. கூட்டத்தை ஆளும் ஆண் செத்துவிட்டால், அந்த இடத்துக்கு வரும் புதிய ஆண் முதலில் செய்வது பழைய குட்டிகளைக் கொல்வது. ஆறு வயதுக்குள் ஓர் ஆண் சிங்கம் தன் ஓர் ஈற்றுக் குட்டிகளையாவது ஆளாக்கியிருக்கும் என்பது கணக்கு. வயதை அறிய மூக்கைப் பார்க்க வேண்டும். இளம் சிங்கத்துக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் மூக்கு, வயது ஏற ஏறக் கரும்புள்ளிகள் பரவிக் கறுத்துவிடும். பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லும் தரகர்களுக்கு இது வியப்பாக இராது. என்ன, அங்கே அதைத் தொலைவில் நின்று பைனாகுலரில் பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டுரையில் பக்கம் பக்கமாக வரும் சிசில் என்ற சிங்கம், 2015 ஜூலையில் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவுக்கு வெளியே கொல்லப்பட்டபோது அதற்கு வயது 13. வயது விதியின்படி அது தேறிவிடும். கொல்லப்பட்ட நிலத்துக்குத்தான் அந்த ஆண்டு சிங்க ஒதுக்கீடே இல்லை என்று அந்நாட்டு அதிகாரிகள் கூறினார்கள். குற்றம் எங்கே என்று சுட்ட வேண்டுமானால் அதைச் சுட்டியிருக்க வேண்டும்.

விதிகளில் எனக்கு உடன்பாடில்லாத ஒன்று உண்டு. அதற்கான சாட்சி எங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கியது. வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்த என் அப்பிச்சிக்கு (அம்மாவின் அப்பாவுக்கு), சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர், பாடம் செய்த காட்டெருமைத் தலை ஒன்றை விட்டுச் சென்றார். ஆசாரத்துச் (முன்கூடத்துச்) சுவரில் அது பல ஆண்டுகள் இருந்தது. ஒரு கண்ணாடிக் கண் விழுந்துபோய், அந்தக் குழியில் வைக்கோல் தெரியும். 2003-இல், இத்தகைய பொருள்களை வைத்திருப்போர் 180 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்று அரசு ஆணையிட்டபோது, என் தாய்மாமன் அதை வைத்துக்கொள்ள விரும்பாமல் வனத்துறையிடம் ஒப்படைத்தார். கழற்றிய அன்றுதான் பலகையின் பின்புறத்தைப் பார்த்தோம். மையால் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று: கொம்பின் அளவு, 31 அங்குலம். எந்தக் காடு, எந்த ஆண்டு, ஆணா பெண்ணா, ஒன்றும் இல்லை. வேட்டையாடிய விலங்குகளின் கொம்பளவுப் பதிவேட்டை 1892-இல் லண்டனில் அச்சிடத் தொடங்கினார்கள். இன்றும் வேட்டைச் சங்கங்கள் அங்குலத்தை வைத்தே பரிசு கொடுக்கின்றன. பெரிய கொம்புள்ள ஆணைத் தேடித் தேடிச் சுட்டால் சிறிய கொம்புள்ளதுதான் எஞ்சி ஈனும். வயதைப் பார்க்கச் சொல்லும் விதியும் நீளத்துக்குப் பரிசு கொடுக்கும் வழக்கமும் ஒரே காட்டில் ஒன்றுக்கொன்று பகை. தென்னாப்பிரிக்காவில் சிங்கங்களைக் கூண்டிலேயே வளர்த்து, வேலிக்குள் விட்டுச் சுடக் கொடுக்கும் தொழிலை வேட்டை என்று சொல்வதற்கே நாக்கூச வேண்டும்.

பணத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. நமீபியாவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் ஊர்மக்களே காட்டுயிர்க் காப்பகங்களை அமைத்துக்கொள்ளலாம்; அத்தகைய காப்பகங்கள் 80-க்கும் மேல் உள்ளன. சுட்ட யானையின் இறைச்சி ஊருக்குப் பங்கிடப்படுகிறது. கட்டணத்தில் ஊர்க் காவலர்களுக்குச் சம்பளம் போகிறது. பல நாடுகளில் இது ஏட்டளவில் நின்று, பணம் நடுவிலேயே கரைந்துவிடுவதையும் மறுக்க முடியாது. ஆனால் 1977-இல் வேட்டையை அடியோடு தடை செய்த கென்யாவில் அதன் பிறகும் காட்டுயிர்கள் வெகுவாகக் குறைந்தன. 2014-இல் தடை விதித்த போட்ஸ்வானா, யானைகள் வயலில் இறங்குகின்றன என்று ஊர்மக்கள் முறையிட்டதால் 2019-இல் தடையை விலக்கியது.

அந்த முறையீடு ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் எனக்குப் புரிகிறது. விடியற்காலையில் டார்ச் அடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், நட்டு மூன்று மாதமான தென்னங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் வரிசையாகக் கிண்டிப் போட்டிருக்கும். குருத்தை மட்டும் தின்றுவிட்டு மற்றதை விட்டிருக்கும். காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025-இல் அரசு அனுமதித்தது; என் தோட்டமோ அந்த 3 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அதற்காக ஆனைமலையில் வேட்டைக்கு ஏலம் விடச் சொல்கிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இங்கே வேட்டையை நிறுத்தியிராவிட்டால் புல்மலைகளில் இன்று ஒரு வரையாடுகூட மிஞ்சியிருக்காது. விலங்கின்மேல் ஊருக்கு எந்த உரிமையும் இல்லாத நம் நாட்டில் நமீபியாவின் ஏற்பாடு பொருந்தவும் பொருந்தாது. ஆனால் விலங்கோடு வாழ்பவனுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காமல், தொலைவில் இருந்துகொண்டு நமீபியாவுக்குத் தீர்ப்பு எழுத என்னால் முடியவில்லை.

கட்டுரையின் இறுதியில், மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு 2022 செப்டம்பரில் எட்டு சிவிங்கிப்புலிகளைக் கொடுத்ததற்காக அதே நமீபியா பாராட்டப்பட்டிருக்கிறது. நம் நாட்டில் அவ்வினத்தின் கடைசி மூன்றும் 1947-இல் ஒரு மன்னரால் ஒரே இரவில் சுடப்பட்டவை. நமீபியாவிலோ, உயிருள்ளவையும் வேட்டைச் சின்னங்களுமாக (தலை, தோல் போன்றவை) சேர்த்து ஆண்டுக்கு 150 சிவிங்கிப்புலிகள் வரை வெளியே போகலாம் என்று சைட்டிஸ் ஒதுக்கீடு அளித்திருக்கிறது. கள்ள வேட்டை என்று எழுதப்பட்ட பத்தியை நீக்கி, இந்த ஒதுக்கீட்டு விவரங்களோடு திருத்தம் ஒன்றை அடுத்த ஞாயிறு இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஆனைமலை, கோவை மாவட்டம்.