அம்மாவும் உன் கேள்வியும்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்ததில் இங்கே எல்லாருக்கும் சந்தோஷம். பெயர் வைத்ததும் எழுது. மதுரையில் பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

அம்மாவுக்கு இப்போது என்னையும் அடையாளம் தெரிவதில்லை. யாரோ வசூலுக்கு வந்தவன் என்று நினைத்துக்கொண்டு, "ஐயா வெளிய போயிருக்காக" என்கிறார். அப்பா போய் எத்தனையோ வருஷமாகிறது.

"மனுஷன் கடவுளின் சாயல் என்கிறீர்களே, நினைவே போன பிறகு அந்தச் சாயல் எங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தாய். எனக்கும் அதே யோசனைதான். பழைய திருச்சபை அறிஞரான அகுஸ்தீன் அந்தச் சாயலை மனதில் தேடினார்: நினைவு, அறிவு, விருப்பம் என்று. அது தேய்ந்தாலும் அழியாது என்றும் அவரே எழுதியிருக்கிறார். இருந்தாலும் எனக்கு ஒட்டவில்லை. சாயலை மூளையில் கொண்டுபோய் வைத்தால் படித்தவனுக்குக் கொஞ்சம் கூடுதல், குழந்தைக்கும் கிழவிக்கும் குறைவு என்றல்லவா ஆகிவிடும்?

பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். புத்தி, திறமை என்று ஒரு பேச்சும் இல்லை. தேவசாயலாக, ஆணும் பெண்ணுமாகப் படைத்தார் என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்து எகிப்தில் அரசனைத்தான் தெய்வத்தின் உருவம் என்பார்கள். இங்கே அது எல்லாருக்கும் கிடைத்துவிடுகிறது. முதல் மனுஷரை ஏதேன் தோட்டத்தை விட்டுத் துரத்தி, வெள்ளமும் வந்து வடிந்த பிறகு ஒன்பதாம் அதிகாரத்தில், மனுஷ ரத்தத்தைச் சிந்தாதே என்பதற்கும் இதே காரணத்தைத்தான் சொல்கிறது. அப்படியானால் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

நாலாம் நூற்றாண்டில் நீசாவின் கிரகோரி என்ற ஆயர் அடிமை வாங்கி விற்பவர்களை நேராகவே கேட்டார்: கடவுளின் சாயலுக்கு என்ன விலை போட்டாய் என்று. நம் ஊர்க் கதையோ வேறு. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் தெ நோபிலி தமிழும் சமஸ்கிருதமும் கரைத்துக் குடித்தவர். ஆனால் மேல்சாதியாருக்குத் தனிக் கோயில்தான் கட்டினார். இன்றைக்கும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிக்கொரு பக்கம். வாசிப்பது என்னவோ அதே ஆதியாகமம்தான்!

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவைப் படுக்கவைத்தபடியே, அவருக்கு மேலாக என்னிடம், "மோஷன் ஒழுங்கா போறாங்களா?" என்று கேட்டார்கள். நானும் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். வீட்டில் பார்த்துக்கொள்ள உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் வருகிறார். சேலை மாற்றுவதற்கு முன் கதவைச் சாத்தி, ஜன்னல் திரையையும் இழுத்துவிடுவார். "அம்மா, கொஞ்சம் திரும்பிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு, பதில் வராது என்று தெரிந்தும் கொஞ்சம் பொறுப்பார். அப்புறம்தான் கை வைப்பார். பைபிளைத் தொட்டதுகூட இல்லை. சிவராத்திரி வந்தால் குலசாமி கும்பிட ஊருக்குக் கிளம்பிவிடுவார். பைபிளில் யாக்கோபு எழுதுகிறாரே, தேவனைத் துதிக்கிற அதே நாவால் அவர் சாயலான மனுஷரைச் சபிக்கிறோம் என்று, அது எங்களைப் பார்த்துச் சொன்னதுதான்.

சரி, உன் பக்கத்துக்கும் ஒரு கேள்வி. எல்லா உயிரிலும் அவன் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே ஊரில் இரட்டைக் குவளை வைத்திருந்தார்களே, அதற்கு உன் தாத்தா என்ன சமாதானம் சொன்னார்? யோசித்து எழுது. மூட்டுவலிக்கு அந்தத் தைலம் உதவுகிறதா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
சாமுவேல்