மூன்று பித்தளைத் திருகாணிகளுக்கு நன்றி

அன்புடையீர்,

2025 செப்டம்பர் 7, ஞாயிறு இரவின் முழுச் சந்திர கிரகணம் முடிந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. கண்ணில் தூக்கம் நிற்கிறது, ஆனாலும் இந்த மடலை எழுதாமல் படுக்க மனம் வரவில்லை. முந்தைய வாரம் எங்கள் 8 அங்குலத் தொலைநோக்கியின் கண்ணாடியைத் தாங்கும் திருகாணி உடைந்துபோனதை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அதை மறுபடி சொல்லப்போவதில்லை.

மைதானம் தந்த பள்ளி நிர்வாகத்துக்கும், தெருவிளக்கை அணைத்துத் தந்த மின்வாரிய ஊழியர்களுக்கும், பைனாகுலர்களோடு வந்த நண்பர்களுக்கும், நள்ளிரவு தாண்டியும் சுக்குக் காப்பி ஊற்றிய தாய்மார்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.

இனி நான் நன்றி சொல்ல வேண்டியவர், கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். தொலைநோக்கியின் முதன்மை ஆடி, அதாவது ஒளியைத் திரட்டும் பெரிய கண்ணாடி, மூன்று திருகாணிகளின் மேல்தான் அமர்ந்திருக்கிறது. அவற்றில் ஒன்று சரியாக இல்லாவிட்டாலும் ஆடி சாய்ந்து, புள்ளியாகத் தெரிய வேண்டிய விண்மீன் வால் முளைத்ததுபோல் தெரியும். அந்த மரைக்கு, அதாவது திருகுப் புரிக்கு, பொருந்தும் திருகாணி எந்தக் கடையிலும் கிடைக்காமல், சனிக்கிழமை மாலை உடைந்த துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வாசலில் நின்றேன். கைவேலையை நிறுத்திவிட்டு, துண்டை வெர்னியர் அளவுகோலில் வைத்து அளந்து, மரையை நகத்தால் வருடிப் பார்த்தவர், "இதை இருட்டுலதானுங்க திருப்புவீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இரவு பதினொரு மணிக்கு அவர் தந்த மூன்று பித்தளைத் திருகாணிகளின் தலையும் பெரிதாக, விரல் வழுக்காதபடி சுற்றிலும் கோடு கோடாக வெட்டப்பட்டிருந்தது. நான் கேட்காதது அது. விண்வெளிச் செய்திகளை ஊர் ஊராகச் சொல்லித் திரியும் எனக்கே தோன்றாதது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்தின் 2.34 மீட்டர் ஆடியை நம் நாட்டிலேயே தேய்த்து மெருகேற்றினார்கள் என்று கூட்டங்களில் பலமுறை பெருமையோடு பேசியிருக்கிறேன். அந்தப் பெருமைக்குள் எத்தனை கைகளின் உழைப்பு இருந்திருக்கும் என்பதை அன்றைக்குத்தான் உண்மையாக உணர்ந்தேன்.

இரவு 11:01 மணிக்கு நிலவு முழுவதும் பூமியின் நிழலுக்குள் போய், 82 நிமிடம் செம்புப் பாத்திரம்போல் மங்கி நின்றது. அந்த இருட்டில்தான் தொலைநோக்கியைக் கிழக்கே சற்றுத் தள்ளியிருந்த சனிக்கோளுக்குத் திருப்பினோம். அண்ணன் மனைவி மக்களோடு வந்து, முன்னால் வரச் சொல்லியும் மறுத்து, வரிசையிலேயே நின்றார். இந்த ஆண்டு வளையம் ஏறக்குறைய விளிம்பாகத் திரும்பியிருப்பதால் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும் என்று வருத்தத்தோடு சொன்னேன். அவர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு மெதுவாக, "கடைஞ்சு வெச்ச மாதிரி இருக்குதுங்க" என்றார்.

நம் நாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை காணக்கூடிய அடுத்த முழுச் சந்திர கிரகணம் 2028 டிசம்பர் 31 இரவு வருகிறது. அதற்குள் சனியின் வளையமும் நன்றாக விரிந்திருக்கும். அன்று தொலைநோக்கியை அவருடைய பட்டறைத் தெருவுக்கே கொண்டுவருவோம் என்று இங்கே, உங்கள் எல்லோர் முன்னிலையிலும் வாக்களிக்கிறேன், அண்ணா.