ஒரு ஆள் வாசிக்க எதற்கு இத்தனை மைக்?

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அம்மா கொடுத்துவிட்ட மாவடு தீர்ந்துபோனது. நான் டிரம்ஸ் பதிவு செய்கிற இடத்திலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு ஆள் வாசிக்க எதற்கு இத்தனை மைக் என்று கேட்டிருந்தீர்கள். போனில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இதைக் கேட்டதும் உங்களுக்குத்தான் முதலில் புரியும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

முதலில் இந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டமாம். இப்போது எங்கே பார்த்தாலும் செம்பனைதான். அத்தை பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போனதை நேற்று நடந்ததுபோலச் சொல்வார். லயத்து வீடுகளை விட்டு வந்த குடும்பங்கள் டவுனை ஒட்டிய தாமான்களில், அதாவது குடியிருப்புப் பகுதிகளில், இருக்கின்றன. தோட்ட வேலையில் வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசியர்களும் நிறைய. ஆனால் தோட்டத்துக் கோயிலில் திருவிழா என்றால் போனவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டியோடு திரும்பி வந்துவிடுவார்கள். அன்றைக்கு உறுமி மேளம் கேட்க வேண்டுமே அப்பா! இளவட்டங்கள் ஒரே நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்று அடிப்பார்கள். தவிலின் கணக்கு அதில் இல்லை, ஆனால் நெஞ்சுக்கூடு அதிரும்.

அந்த மேளக்காரப் பிள்ளைகளில் சிலர்தான் இப்போது ராக் குழு வைத்திருக்கிறார்கள். மலாய்க்காரர்களிடம் ராக் இசைக்கு 1980களிலிருந்தே பெரிய கூட்டம் உண்டு. சர்ச், விங்ஸ் என்று அவர்களுடைய குழுக்களைக் கேட்டுத்தான் இந்தத் தமிழ்ப் பிள்ளைகளும் வளர்ந்திருக்கிறார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பையன் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். உங்கள் மாப்பிள்ளை கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் வாடகைக்கு விடுகிற மைக்குகளை வைத்து, நான் அவர்களுக்குப் பதிவு செய்கிறேன். சென்னையில் படித்த படிப்பு இங்கேதான் முழுசாக வேலைக்கு வருகிறது.

வந்ததும் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அக்கா, டிரம்ஸ் பெரிசா கேக்கணும்." சத்தமாக வேண்டும் என்றால் பட்டனைத் திருகினால் போதும். பெரிதாகக் கேட்க வேண்டும் என்பது வேறு சங்கதி.

நீங்கள் ராஜகோபாலசாமி கோயில் வெளிப்பிரகாரத்தில் வாசிக்கும்போது தொப்பியில் கழி விழுந்த ஓசை மதிலில் பட்டுத் திரும்பும். அதே தவிலை ஏசி போட்ட கல்யாண மண்டபத்தில் வாசித்துவிட்டு, "நாதமே எழும்பலையே" என்று அலுத்துக்கொள்வீர்கள். கையும் அதே கை, தவிலும் அதே தவில். மதில்தான் இல்லை. ராக் இசையில் டிரம்ஸைப் பெரிதாக்கியவர்கள் தேடியதும் அந்த மதிலைத்தான்.

தோலிலிருந்து நாலு விரல் தள்ளி மைக் வைத்தால் அதற்குக் குச்சியும் தோலும்தான் கேட்கும். அடி கூர்மையாக விழும், ஆனால் டப்பா மாதிரி சின்னதாக இருக்கும். யாரும் மேளத்துக்குள் தலையை விட்டுக் கேட்பதில்லையே. தள்ளி நின்றுதான் கேட்கிறோம். இந்த வெக்கையில் ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகிறது. ஏழு மீட்டர் தள்ளி ஒரு மைக் வைத்தால் அடி அங்கே போய்ச் சேர 20 மில்லி செகண்ட் ஆகும். அதைக் காது தனி ஓசையாகப் பிரிப்பதில்லை. ஆனால் இடம் எவ்வளவு பெரிது என்பதை அந்தத் தாமதத்தையும் சுவரில் பட்டு வருகிற முழக்கத்தையும் வைத்துத்தான் எடை போடுகிறது.

இதற்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம் லெட் செப்பெலின் என்ற இங்கிலாந்துக் குழு 1971ல் வெளியிட்ட ஒரு பாட்டு, 'வென் தி லெவி பிரேக்ஸ்'. ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேன்ஜ் என்று ஒரு பழைய கட்டடம். ஒரு காலத்தில் ஏழைகளை வைத்திருந்த இடம். அதன் மாடிப்படிக் கூடத்தில் ஜான் போனம் என்ற டிரம்மரை உட்கார வைத்து, ஆண்டி ஜான்ஸ் என்ற பதிவாளர் மேலே படியிலிருந்து இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார். அவ்வளவுதான். தாளத்தைப் பின்தொடரும்படி கொஞ்சம் எக்கோ சேர்த்து, கம்ப்ரஸரால் நன்றாக அமுக்கினார். 50 வருஷம் தாண்டியும் அதைப்போல ஒரு டிரம்ஸ் வேண்டும் என்று உலகம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போனம் வைத்திருந்த கிக் டிரம், அதாவது காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம், 26 அங்குலம். இங்கே பையனிடம் இருப்பது 22 அங்குலம். அளவும் முக்கியம்தான். ஆனால் அந்தப் படிக்கட்டு இல்லாமல் 26 அங்குலத்தை மட்டும் வாங்கி வைத்துப் பயனில்லை.

கம்ப்ரஸர் என்ன செய்கிறது என்று சொல்கிறேன். அடி விழுகிற கணத்தில் ஓசையை அமுக்கும். அடி ஓய்ந்ததும் கையை எடுத்துவிடும். அப்போது பின்னால் அடங்கிக் கிடந்த சுவரின் முழக்கம் மேலே எழும்பி வரும். நேரில் கேட்கும்போது மெலிதாக இருந்த முழக்கம் பதிவில் அடிக்குச் சமமாக வந்து நிற்கும். தூர மைக்கின் ஒலியை இப்படி அமுக்கினால்தான் அந்த மூச்சு வாங்குகிற பெரிய ஓசை கிடைக்கும்.

அப்புறம் இன்னொரு கதை, இதில்தான் எனக்கு ஆசை அதிகம். 1979 வாக்கில், லண்டன் டவுன்ஹவுஸ் ஸ்டுடியோவில் பீட்டர் கேப்ரியல் என்ற பாடகரின் மூன்றாவது ஆல்பம் வேலை நடக்கிறது. பில் காலின்ஸ் டிரம்ஸ். வாசிக்கிற அறையில் இருப்பவர்கள் பேசுவது பதிவாளருக்குக் கேட்க மேலே ஒரு மைக் இருக்கும். எங்கிருந்து பேசினாலும் கேட்க வேண்டும் என்பதால் அதில் மிகக் கடுமையான கம்ப்ரஸர் வைத்திருந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும்போது அந்த மைக் திறந்திருக்க, பூதம் மாதிரி ஒரு ஓசை வெளியே வந்தது. ஹியூ பேட்ஜம் என்ற பதிவாளர் அதை அப்படியே பதிவு செய்ய வழி பண்ணி, கேட் என்ற கருவியையும் சேர்த்தார். கேட் என்றால், ஓசை ஒரு அளவுக்குக் கீழே இறங்கியதும் கதவைச் சாத்திவிடும். அறை முழுக்க முழங்கும், சட்டென்று அறுந்து நிசப்தமாகும். கேப்ரியல் சிம்பலே, அதாவது டிரம்ஸோடு இருக்கிற உலோகத் தட்டே, வேண்டாம் என்று சொல்லியிருந்ததால் அது எடுபட்டது. சிம்பல் இருந்திருந்தால் அதன் ஓசை நீண்டு, கதவைச் சாத்தவிடாமல் செய்திருக்கும். 1980களின் பாட்டுகளில் கேட்கிற அந்த 'டுஷ்' ஓசை இங்கிருந்து பரவியதுதான்.

சிம்பல்தான் எங்களுக்கும் தொல்லை. தூர மைக் எல்லாவற்றையும் கேட்கும். சிம்பலை ஓங்கி அடித்துவிட்டு டிரம்மை மெதுவாக அடித்தால், அமுக்கி எடுக்கும்போது சீறல் மட்டும்தான் மிஞ்சும். அந்தப் பையனிடம் டிரம்மை ஓங்கு, சிம்பலைத் தொடு என்று சொல்லிக்கொடுத்தேன். உறுமி மேளம் அடித்த கை என்பதால் டிரம்மை ஓங்குவது அவனுக்கு இயல்பாகவே வந்தது. பதிந்த ஒலிகளை எல்லாம் சேர்த்துச் சமன் செய்கிற மிக்ஸிங்கில் எந்தக் கருவியாலும் இதைச் சரிபண்ண முடியாது. பெரிய ஓசையில் பாதி வாசிக்கிறவன் கையில்தான் இருக்கிறது.

எங்களுக்குக் கிடைத்த படிக்கட்டு, மூடிக்கிடக்கிற ஒரு பழைய ரப்பர் ஆலைக் கட்டடம். சிமெண்டுத் தரை, செங்கல் சுவர், உயரத்தில் தகரக் கூரை. கை தட்டினால் ஓசை சுற்றி வரும். மத்தியானத்துக்குமேல் மழை பிடித்துக்கொண்டால் தகரத்தில் விழுகிற இரைச்சலில் எதுவும் செய்ய முடியாது. அதனால் ரொட்டி சானாய் வாங்கிப் பசியாறிவிட்டு காலையிலேயே தொடங்கிவிடுவோம். தோல் ஈரத்தில் தொய்யுமா என்று நீங்கள் நினைப்பீர்கள். டிரம்ஸில் இப்போது பிளாஸ்டிக் தோல்தான், மழைக்கு அசையாது. ஆனால் சுருதி கூட்டுகிற பொறுமை அதற்கும் வேண்டும். திருகாணிகளைச் சுற்றிவந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துச் சமமாக முறுக்க வேண்டும். நீங்கள் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் என்பதால் அந்த வேலையை யாரிடமும் விடுவதில்லை.

இத்தனை மைக் எதற்கு என்று கேட்டீர்களே. தூர மைக் அறையைத் தருகிறது, ஆனால் வேகமான கிட்டாருக்கு நடுவில் அடியின் நுனி மங்கிவிடும். அதற்காகத்தான் கிக்குக்கும் டாம் என்கிற மற்ற டிரம்களுக்கும் பக்கத்தில் ஒவ்வொன்று, சுள்ளென்று ஒலிக்கிற ஸ்நேர் டிரம்முக்கு மேலும் கீழுமாக இரண்டு, தலைக்கு மேலே இரண்டு. மைக் கூடக்கூட ஒரு சிக்கலும் கூடும். ஸ்நேரின் மேல் தோலில் அடித்தால் அது மேல் மைக்கை விட்டு விலகிப் போகும். அதே நேரம் கீழ்த் தோல் கீழ் மைக்கை நோக்கி வரும். ஒன்று இழுக்க ஒன்று தள்ள, இரண்டையும் சேர்த்தால் ஓசையின் வயிறு காணாமல் போய்விடும். ஒன்றை மட்டும் தலைகீழாக்க ஒரு பட்டன் இருக்கிறது. தட்டினால் வயிறு திரும்பி வரும். மேலே தொங்குகிற இரண்டு மைக்குகளும் ஸ்நேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். அதை நூல் பிடித்து அளந்து வைக்கிறேன்.

மிக்ஸிங்கில் நான் செய்வது பெரும்பாலும் குறைப்பதுதான். 300, 400 ஹெர்ட்ஸ் பக்கம் கிக்கில் அட்டைப்பெட்டி ஓசை இருக்கும், அதை வெட்டுவேன். 60 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கிக்குக்குக் கொடுத்து, பேஸ் கிட்டாரைக் கொஞ்சம் மேலே ஒதுங்கச் சொல்வேன். கிட்டார்க்காரத் தம்பிக்கு அவனுடைய கிட்டார் மெலிந்ததில் வருத்தம். ஆனால் எல்லாமே பெரிதாக இருந்தால் எதுவும் பெரிதாகக் கேட்காது. தூர மைக்கை எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் பாட்டின் நடை தீர்மானிக்கும். விளம்ப காலத்தில் அடிக்கும் அடிக்கும் நடுவில் அறை முழங்க இடம் இருக்கிறது. துரிதம் வந்தால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும், அங்கே கேட் போட்டு நறுக்க வேண்டியிருக்கும்.

சிகாகோவில் ஸ்டீவ் ஆல்பினி என்று ஒரு பதிவாளர் இருந்தார். 2024ல் காலமாகிவிட்டார். 1993ல் நிர்வாணா என்ற அமெரிக்க ராக் குழுவின் கடைசி ஸ்டுடியோ ஆல்பத்தைப் பதிவு செய்தவர். தூர மைக்கின் ஒலியை இன்னும் சில மில்லி செகண்ட் தாமதமாக்கிச் சேர்ப்பார், அறை இருப்பதைவிடப் பெரிதாகிவிடும். அதை எங்கள் ஆலைக் கட்டடத்துப் பதிவில் செய்து பார்த்தபோது பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். இப்போது பலர் யாரோ எங்கோ பதிந்த டிரம் ஓசையைக் கம்ப்யூட்டரில் எடுத்து, வாசித்த அடிக்கு மேல் ஒட்டிவிடுகிறார்கள். எல்லாப் பாட்டிலும் ஒரே ஸ்நேர். எனக்கு அது ஒப்பவில்லை. இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள் ரப்பர் ஷீட் உருட்டிய கட்டடத்தின் முழக்கம் அவர்கள் பாட்டில் இருக்கட்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். பங்குனித் திருவிழாவில் நீங்கள் வாசிக்கும்போது தம்பியிடம் சொல்லி இரண்டு போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒன்று வலந்தலைப் பக்கம், கை நீட்டும் தூரத்தில். இன்னொன்று பிரகாரத்தின் அந்தக் கோடியில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, மதிலைப் பார்த்தபடி. தொடங்குமுன் ஒரு தரம் பலமாகக் கை தட்டச் சொல்லுங்கள், இரண்டையும் நான் இங்கே பொருத்திக்கொள்வேன். டிரம்ஸ் வாசிக்கும் பையனுக்குத் தனி ஆவர்த்தனம் கேட்க வேண்டுமாம். மிஸ்ர நடையில் இருந்தால் நல்லது என்கிறான்.

மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள். அம்மாவை அடுத்த வாரம் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்