சேஸிஸ் நம்பர்ல ஓ வராது சார்: வண்டிப் பதிவு பாக்குற அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம்.

எங்க அப்பா இறந்து எட்டு மாசம் ஆகுது. அவரோட 2010 மாடல் ஸ்ப்ளெண்டரை என் பேருக்கு மாத்தணும்னு ஃபார்ம் 31, இறப்பு சர்டிபிகேட், வாரிசு சர்டிபிகேட்னு எல்லாம் எடுத்துட்டுப் போனேன், 15 வருஷம் முடிஞ்சதால ஆர்சி (வண்டியோட பதிவு சர்டிபிகேட்) ரின்யூவலுக்கு ஃபார்ம் 25-ம் சேத்து வச்சிருந்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் ஹேண்டில் கழுத்துல டார்ச் அடிச்சு, அங்க இரும்புல அடிச்சிருக்கற சேஸிஸ் நம்பரை ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாரு, ஆர்சியைப் பாத்தாரு, திரும்பவும் வாசிச்சாரு, "நம்பர் சேரலையேப்பா"ன்னு ஃபைலை என் கையிலயே குடுத்துட்டாரு. பக்கத்துல நின்ன ஒருத்தர் திருட்டு வண்டியான்னு கேட்டாரு. அப்பா அந்த வண்டியை கடன் போட்டு வாங்கி மாசாமாசம் கட்டி முடிச்சவரு, அந்தக் கேள்வியை கேக்க அவரு இல்லாதது நல்லதுன்னு தோணிச்சு.

வித்தியாசம் ஒரே ஒரு எழுத்து. வண்டில எம்பிஎல்எச்ஏ-ன்னு ஆரம்பிச்சு அடுத்து 10-ன்னு அடிச்சிருக்கு, ஆர்சில அந்த பூஜ்யத்துக்கு பதிலா ஓ-ங்கிற எழுத்து இருக்கு. இன்ஸ்பெக்டர் மேல எனக்கு வருத்தமே இல்ல, அவரு முழுசா வாசிச்சதாலதான் இது வெளிய வந்துச்சு.

ஆனா இது 15 வருஷம் எப்படி நின்னுச்சுங்கிறதுதான் நான் கேக்க வந்தது. சேஸிஸ் நம்பர் 17 எழுத்து, அது உலகம் பூரா ஐஎஸ்ஓ 3779-ங்கிற ஒரே கணக்குல போடுறது. முதல் மூணு எழுத்து யார் தயாரிச்சாங்கன்னு சொல்லும், நம்ம நாட்டு வண்டின்னா எம்-ல ஆரம்பிக்கும். அந்த 17-ல ஐ, ஓ, க்யூ இந்த மூணு எழுத்தும் வரவே கூடாதுன்னு விதி, ஒன்னுக்கும் பூஜ்யத்துக்கும் குழப்பம் வரக்கூடாதுன்னுதான் அப்படி வச்சாங்க. அப்போ ஆர்சில ஓ இருந்தா வண்டியைப் பாக்காமலே அது டைப்பிங் தப்புன்னு சொல்லிடலாம். கம்பெனி இப்படி ஒரு நம்பரை அடிச்சிருக்கவே முடியாது.

இத்தனை நாள் ஏன் தெரியலன்னா, ஆன்லைன்ல எந்த சர்வீஸுக்கு போனாலும் சேஸிஸோட கடைசி அஞ்சு எழுத்தைத்தான் கேக்குது, அது சரியா இருந்துச்சு, உள்ள விட்டுடுச்சு. இன்சூரன்ஸ்காரங்க ஆர்சியைப் பாத்து காப்பி பண்ணதால பாலிசிலயும் அதே ஓ. ஒருவேளை இந்த வண்டி திருடு போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சுப் பாருங்க. புகார்ல ஆர்சில இருக்கற நம்பரைத்தான் குடுத்திருப்போம், எங்கயோ நம்பர் பிளேட் இல்லாம வண்டி கிடைச்சு அதுல அடிச்சிருக்கறதை போலீஸ் கம்ப்யூட்டர்ல தட்டினா எங்க புகாரோட சேராது. வண்டி ஸ்டேஷன் வாசல்லயே துருப்பிடிச்சுக் கிடந்திருக்கும். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 122-வது விதி சேஸிஸ் நம்பரை வண்டிலயே அடிக்கணும்னு சொல்லுது, பிளேட்டை மாத்தலாம், பெயின்ட்டை மாத்தலாம், இரும்புல அடிச்சதை மாத்துறது கஷ்டம்னுதானே? பேப்பர்ல அது தப்பா இருந்தா அடிச்சு என்ன பிரயோஜனம்.

நான் கேக்கறது இதுதான். 17 எழுத்து வர்ற வண்டிகளோட ரெக்கார்டுல ஐ, ஓ, க்யூ எங்க இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. (ரொம்ப பழைய வண்டிகளுக்கு நம்பர் சின்னதா வேற மாதிரி இருக்கும், அதை தொட வேண்டாம்.) தப்பு இருக்கற ஆளுக்கு ஒரு எஸ்எம்எஸ் போட்டா அவரு உயிரோட இருக்கும்போதே வந்து திருத்திக்குவாரு, இப்படி பிள்ளைங்க வந்து நிக்க வேண்டாம். திருத்த வர்றவங்களுக்கு என்னென்ன பேப்பர் வேணும்னு ஒரு போர்டுல எழுதி வைங்க, எனக்கு ஒரு கவுன்ட்டர்ல அஃபிடவிட்னாங்க, இன்னொன்னுல ஷோரூம் லெட்டர்னாங்க, அந்த ஷோரூமை மூடி வருஷக்கணக்காச்சு.

பென்சில் பிரின்ட், அதாவது சேஸிஸ் நம்பரை பேப்பர்ல பென்சிலால தேய்ச்சு எடுக்கற பிரதி, அந்த விஷயமும் சொல்லணும். நாங்க கடலோரம், உப்புக் காத்துல ஹேண்டில் கழுத்து துரு ஏறிடும். அவசரத்துல சிலர் உப்புத்தாள் போட்டு தேய்ச்சுடறாங்க, அப்புறம் நம்பரை அழிச்ச மாதிரியே தெரியுது, அதுக்கும் சந்தேகப்படறாங்க. மண்ணெண்ணெய் நனைச்ச துணியால மெதுவா துடைச்சு, மெல்லிசு பேப்பரை வச்சு பென்சிலை படுக்கப் போட்டு தேய்ச்சா போதும், எழுத்து வெள்ளையா எழும்பி வரும். இதையும் அந்த போர்டுலயே எழுதுங்க, மெக்கானிக் தேடி ஓடுற வயசானவங்களுக்கு ரொம்ப உதவும்.

அப்பா மஞ்சப்பைல வண்டி வாங்கினப்போ குடுத்த ஃபார்ம் 21 (விற்பனை சர்டிபிகேட்), ஃபார்ம் 22 (கம்பெனியோட தகுதி சர்டிபிகேட்) ரெண்டையும் மடிச்சு வச்சிருந்தாரு, நேத்து ராத்திரிதான் அம்மா எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டுலயும் பூஜ்யம்தான் இருக்கு. பென்சில் பிரின்ட்டோட அதையும் எடுத்துக்கிட்டு திங்கக்கிழமை காலைல வர்றேன், வண்டியும் கூட வரும்.

இப்படிக்கு,
ஸ்ப்ளெண்டர்காரர் மகன்