காலை எட்டு மணி என் மகளுக்கு நடுராத்திரி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் தூங்குகிறவர்களைத் தெரு ஒலிபெருக்கிச் சத்தம் என்ன பாடு படுத்துகிறது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு 19 வருடம் கம்பெனி பஸ் ஓட்டியவன் நான். நைட் ஷிப்ட் முடித்து ஏறும் பெண்பிள்ளைகள் சூளகிரி வருவதற்குள் ஜன்னல் கம்பியில் தலை முட்ட முட்டத் தூங்குவார்கள். பாதித் தூக்கம் பஸ்ஸிலேயே முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். என் மகளும் அதே ஷிப்டுக்குத்தான் போகிறாள். போன வருடம் அவளுக்குச் சர்க்கரை என்று சொன்னார்கள். வயது 28. தூக்கம்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல் தேடித்தேடிப் படித்தேன்.

முதல் உலகப்போர் காலத்தில் வியன்னாவில் வான் எகனாமோ என்ற டாக்டர், மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் மூளையைப் பார்த்திருக்கிறார். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதியின் முன்பக்கம் கெட்டவர்கள் தூங்க முடியாமல் தவித்தவர்கள். பின்பக்கம் கெட்டவர்கள் ஓயாமல் தூங்கியவர்கள். முன்பக்கத்து நரம்புகள் விழிப்பு நரம்புகளை அடக்கினால்தான் தூக்கம் வரும் என்று இன்று தெரியும். விழிப்பின் கை ஓங்கினால் முன்பக்கத்துத் தூக்க நரம்புகள் அடங்கிவிடும். பகலில் உடம்பின் கடிகாரமே விழிப்பின் பக்கம்தான் நிற்கிறது. அதோடு மைக் சத்தமும் சேர்ந்தால்?

2008இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளவயதினர் 9 பேரைத் தூங்கவிட்டு, ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும்போதெல்லாம் சத்தம் கொடுத்துக் கலைத்தார்கள். விழிக்க வைக்கவில்லை, தூங்கிய நேரமும் குறையவில்லை. மூன்றே இரவில், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும் இன்சுலின் உடம்பில் வேலை செய்யும் திறன் கால்வாசி குறைந்துவிட்டது. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. 'தூங்கிக்கொண்டுதானே இருக்கிறாள்' என்று எத்தனை நாள் டிவியைச் சத்தமாக வைத்திருக்கிறேன்!

ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் படுத்த முதல் மூன்று மணி நேரத்தில் வருவது. மகள் எட்டு மணிக்குப் படுக்கிறாள். அப்போதுதான் காதுகுத்து வீட்டு ஸ்பீக்கர், ஆடி மாதம் என்றால் கோயில் மைக், அப்புறம் பழைய இரும்பு வாங்கும் வண்டி. ஒலிபெருக்கிச் சட்டம் இரவு 10 முதல் காலை 6 வரைதான் காவல் நிற்கிறது.

இரும்பு வண்டித் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். இப்போது எங்கள் தெருவில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வாயால் கூப்பிடுகிறார். ஷிப்ட் தொழிலாளர்கள் குடியிருக்கும் தெருக்களில் காலை 8 முதல் 11 வரை ஒலிபெருக்கி வைக்க அனுமதி தராதபடி மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் டிரைவர்,
கிருஷ்ணகிரி.