ரிசப்ஷன் மாமா வேலைக்குச் சேர்ந்த கதை

வேலூர்,
ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

அன்புள்ள கண்ணுவுக்கு,

போன வாரம் நீ ஜெர்மனியிலிருந்து பேசிக்கொண்டிருக்கும்போதே ட்யூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய். "பாவமாத்தான் இருக்கு நைனா, ஆனா தலைவலி வேணாம்னும் தோணுது" என்றாய். அன்று நான் ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் நடுவிலேயே சரி சரி என்பாய். அதனால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும், கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன்.

உங்கள் ஓட்டலில் வேலை கேட்டு வந்திருக்கிற இரண்டு பேரில் அந்த உக்ரைன் டீச்சரம்மா விஷயத்தில் உனக்குக் குழப்பம் இல்லை. 2022-இல் போர் தொடங்கியபோதே அவர்களுக்கெல்லாம் ஐரோப்பாவில் தற்காலிகப் பாதுகாப்பு கொடுத்து, வேலைக்கும் வழி விட்டுவிட்டார்கள் என்றாய். உன் குழப்பம் ஆப்கன் பையன்தான். அவனுடைய அகதி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கையில் இருப்பது 'டுல்டுங்' என்ற காகிதம். 'சகித்துக்கொள்கிறோம்' என்று அர்த்தம் சொன்னாய். அந்த வார்த்தை ராத்திரி முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனுஷன் சட்டைப்பையில் அப்படி ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது பார்.

உங்கள் ஓட்டலில் மூன்று வருடப் பயிற்சிக்கு அவனை எடுத்துக்கொண்டால் அதுவரை திருப்பி அனுப்ப மாட்டார்கள், முடித்து அதே தொழிலில் வேலை கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம் இருக்கலாம், நடுவில் நின்றுவிட்டால் ஓட்டல்தான் ஆபீசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இதைத்தானே நீ தலைவலி என்றாய்?

உனக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் வேலை பார்த்த லாட்ஜுக்கு நம் ரிசப்ஷன் மாமா முதல்முதலில் வேலை கேட்டு வந்தபோது நான் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

உனக்கு அவனைத் தெரிந்ததெல்லாம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து உனக்கு 'ஏக், துய், தின்' என்று வங்காளியில் எண்ணச் சொல்லிக்கொடுத்த மாமாவாகத்தான். அது பின்னால் நடந்தது. 1992-இல் அவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும். மன்னாரிலிருந்து 1990-இல் படகேறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் பதிந்து, அங்கிருந்து இங்கே மேல்மொணவூர் அகதி முகாமுக்கு அனுப்பப்பட்டவன். இஸ்திரி போட்ட சட்டை. "அண்ணை, ஏதும் வேலை கிடைக்குமோ?" என்றான். அந்தப் பேச்சைக் கேட்டதுமே எனக்குக் கை சில்லிட்டது. 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை நடந்து ஒரு வருடம் சொச்சம்தான் ஆகியிருந்தது. சிலோன் தமிழ் காதில் விழுந்தாலே வீட்டு வாடகைக்குக்கூட ஆள் யோசித்த காலம். லாட்ஜுக்கு அடிக்கடி போலீஸ் வந்து லெட்ஜரைப் புரட்டும். முதலாளியைக் கேட்கக்கூட இல்லை, நானே இடமில்லை என்று சொல்லிவிட்டேன். அவனுக்குப் பின்னால் சுவரில் 'ரூம் பாய் தேவை' என்று நானே எழுதி ஒட்டிய அட்டை. அவன் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருக்க வேண்டும்.

மூன்று வருடம் கழித்து லாட்ஜுக்கு வெள்ளையடிக்க மேஸ்திரி ஆள் கூட்டிவந்தார். முகாம் ஆட்களுக்குப் பெயிண்டிங் வேலைதான் அப்போதும் பெரும்பாலும். சாரத்தில் இவன் நின்றான். அடையாளம் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்கும், காட்டிக்கொள்ளவில்லை. ஒரு மத்தியானம் வங்கதேசத்துச் சிட்டகாங்கிலிருந்து வைத்தியத்துக்கு வந்த குடும்பம் ரிசப்ஷனில் நின்று ஏதோ கெஞ்சுகிறது, எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. இவன் சாரத்திலிருந்து இறங்கி வந்து அரைகுறை இங்கிலீஷிலும் கைஜாடையிலும் விஷயத்தைப் பிடித்துவிட்டான்: அவர்களுக்கு மாடி ஏற முடியாத நோயாளி, கீழ்த்தளத்தில் அறை வேண்டும், ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே முதலாளியிடம் பேசினேன். இரவு ட்யூட்டி, சாப்பாடு போட்டு மாதச் சம்பளம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் சி ஃபாரம் என்ற தகவல் படிவத்தை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது இல்லையா? அதை இத்தனை வருடம் எழுதியவன் இவன்தான். சட்டப்படி இவனும் வெளிநாட்டுக்காரன். பாஸ்போர்ட் எண், விசா எண், எங்கிருந்து வருகிறார், எங்கே போவார் என்று மற்றவர்களுக்கு நிரப்புவான். அவன் கையில் அதில் ஒன்றும் இல்லை, முகாம் அட்டை மட்டும்தான்.

ஆரம்பத்தில் நானும் முதலாளி மாதிரிதான் நடந்துகொண்டேன். முகாமில் செக்கிங் நாள் என்றால் அவன் அங்கே முகம் காட்டியே ஆக வேண்டும். முதல் மாதம் எனக்கு அது தெரியாது. சொல்லாமல் மட்டம் போட்டான் என்று அரைநாள் சம்பளம் பிடித்தேன். அவனும் விளக்கம் சொல்லவில்லை. இங்கே ஒரு பழைய ரூம் பாய்தான், "அண்ணே, அன்னிக்குப் போகலைன்னா அவனுக்கு உதவித்தொகை நின்னுடும், பேரையே எடுத்துடுவாங்க" என்றான். அப்புறம் அந்தத் தேதிகளை ரிசப்ஷன் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்தேன். ட்யூட்டி அதைப் பார்த்துத்தான் போடுவேன். நீ சின்னவளாக இருக்கும்போது அந்த வட்டங்களைப் பார்த்து யார் பிறந்தநாள் என்று கேட்பாய்.

அதனால் உன் ஆப்கன் பையனிடம் முதலில் கேட்க வேண்டியது அவன் ஊரில் என்ன நடந்தது என்பது அல்ல. அந்தக் கதையை அவன் எத்தனை மேஜைக்கு முன்னால் சொல்லியிருப்பானோ. அவனை எந்தெந்த நாளில் ஆபீசில் வரச் சொல்வார்கள், காகிதம் எப்போது முடிகிறது, ஜெர்மன் வகுப்பு எத்தனை மணிக்கு, இதைக் கேள். கேட்டு ரோஸ்டரில் எழுது. பாதித் தலைவலி அதிலேயே போய்விடும். பி1 ஜெர்மன் பரீட்சையை நீயே இரண்டாம் தடவைதானே தாண்டினாய்? வகுப்பு நேரத்தில் ஷிப்ட் போட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. உன் வாய் அம்மா வாய். கோபம் வந்தால் "நாளையிலிருந்து வராதே" என்று சட்டென்று வந்துவிடும். மற்றவனுக்கு அது வேலை போன சமாச்சாரம், அடுத்த தெருவில் வேறு ஓட்டல் இருக்கிறது. இவனுக்கு அந்த நாட்டில் நிற்கிற இடமே போகலாம். அதற்காகத் தப்பு செய்தாலும் விட்டுவிடு என்று சொல்லவில்லை. படுக்கை சரியாக விரிக்கவில்லை என்றால் திரும்ப விரிக்கச் சொல். அவனுக்கு இது தெரிந்தால் நீ சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான், ஓவர்டைம் கேட்க மாட்டான், லீவு கேட்க மாட்டான். நல்ல பையன் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நல்ல பையன் பட்டத்தை நம்பாதே. நான் நம்பினேன், இரண்டு வருடம் இரவு ட்யூட்டி மட்டுமே போட்டேன்.

வியன்னாவில் 2015-இல் காரித்தாஸ் அமைப்பு ஒரு பழைய முதியோர் இல்லத்தை ஓட்டலாக்கி, அகதிகளுக்குப் பயிற்சி கொடுத்து நடத்தத் தொடங்கியது என்று மாக்டாஸ் ஓட்டலின் படம் அனுப்பினாயே, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓட்டல் தொழில் இவர்களுக்குக் கதவைத் திறந்தது பெரும்பாலும் இரக்கத்தால் இல்லை, கண்ணு. காந்தி ரோட்டையே பார். ஒரு காலத்தில் அணைக்கட்டு, குடியாத்தம் பையன்கள்தான் ரூம் பாய். அவர்கள் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்ஸில் ஏறத் தொடங்கிய பிறகுதான் அசாம், வங்காளம், ஒடிசா பையன்கள் வந்தார்கள். உள்ளூர்க்காரன் எழுந்துபோன நாற்காலி அது. உங்கள் ஊரிலும் ஜெர்மன்காரப் பிள்ளைகள் சனி ஞாயிறு வேலைக்கு வர மறுப்பதால்தான் நீயே அங்கே இருக்கிறாய். நீ அவனுக்குத் தயவு செய்வதாக நினைக்காதே, அவனையும் நினைக்க விடாதே.

அசாம் பையன்களை ஒரு ஏஜென்ட் கூட்டிவந்தான். சம்பளத்தில் கமிஷன் எடுப்பான், ஆதார் அட்டையை வாங்கி வைத்துக்கொள்வான். பக்கத்து லாட்ஜில் அதைச் சாதாரணமாகவே செய்தார்கள். நான் நம் லாட்ஜில் ஒத்துக்கொள்ளவில்லை, அதற்காக ஏஜென்ட் ஒரு சீசன் ஆளே அனுப்பவில்லை. உன் ஓட்டலில் யாராவது அவன் ஒரிஜினல் காகிதத்தைப் பத்திரமாக வைக்கிறோம் என்று கேட்டால் கொடுக்க விடாதே. நகல் போதும்.

இங்கே தொழில் மந்தம். 2024 ஆகஸ்டுக்கு அப்புறம் வங்கதேசத்து விசா குறைந்ததிலிருந்து பாபுராவ் தெருவில்கூடப் பல அறைகள் காலி. நான் ரிட்டையர் ஆனாலும் சாயங்காலம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இப்போது மேனேஜர் ரிசப்ஷன் மாமாதான், தெரியுமே. 2021-இல் முதலமைச்சர் மேல்மொணவூருக்கு வந்து அடிக்கல் நாட்டியதிலிருந்து முகாம் வீடுகளைப் பற்றித்தான் அவன் பேச்சு. முகாமுக்கு இப்போது மறுவாழ்வு முகாம் என்று பேர். குடியுரிமை மட்டும் இன்னும் வரவில்லை. முப்பத்தைந்து வருடம்.

1992-ஐப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. நேற்று உன் விஷயத்தைச் சொன்னேன், ஆப்கன் பையன் என்று. கொஞ்ச நேரம் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிள்ளையிட்ட சொல்லுங்கோ, சம்பளத்தை முதல் மாதம் கொஞ்சம் முன்னாலேயே கொடுக்கச் சொல்லி" என்றான். "ஏன்?" என்றேன். "செருப்பு வாங்க" என்றான். ஷிப்ட் முழுக்க நிற்க நல்ல செருப்பு வேண்டுமாம். அவன் முதல் மாதம் என்னிடம் நின்றது யாருடைய செருப்பில் என்று நான் யோசித்ததே இல்லை.

பார்சலில் அம்மா மாங்காய் ஊறுகாய் வைத்திருக்கிறாள். சின்ன டப்பா மாமா வீட்டு வறுத்த கறித்தூள். மூடியை இறுக்கி டேப் ஒட்டியிருக்கிறது, பிரிக்கும்போது மேலே கொட்டிக்கொள்ளாதே.

அன்புடன்,
நைனா