ஏற்காட்டுக்கு வேறு அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் பிறந்ததும் நாளிதழ்களின் இணைப்புப் பக்கங்களில் கிறிஸ்துமஸ் பலகாரக் குறிப்புகள் வரத் தொடங்கும். அவற்றை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் அந்தக் குறிப்புகள் பெரும்பாலும் சமவெளிக்கு எழுதியவை. சேலம் டவுனில் சரியாக வரும் கேக், 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே ஏற்காட்டுக்கு வந்தால் நடுவில் குழி விழுந்துவிடுகிறது. 'என் கைக்கு வராது' என்று தங்களையே நொந்துகொண்டு, அடுத்த வருடம் பேக்கரியில் வாங்கிவிடுகிறார்கள். தவறு அளவில் இருக்கிறது என்று யாராவது சொல்ல வேண்டும்.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம். ஏற்காடு 1,500 மீட்டர். இங்கே காற்றழுத்தம் கீழே உள்ளதைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைந்தால் பேக்கிங் பவுடரின் வாயு அதிகமாக விரியும். மாவு இறுகுவதற்கு முன்பே கேக் மளமளவென்று எழும்பி, பிறகு தாங்காமல் உட்காரும். ஈரமும் வேகமாக ஆவியாவதால் சர்க்கரையின் செறிவு கூடி, கேக்கின் கட்டு தளர்ந்துபோகும்.

மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 250 கிராம், முட்டை ஐந்து, ஊறிய பழம் 400 கிராம் என்பது கேக்குக்குச் சமவெளியில் போடும் அளவு. ஏற்காட்டில் சர்க்கரை 225 கிராம் போதும். ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் கேட்டால் ஒன்றே கால் போடுங்கள். ஆரஞ்சுச் சாறு இரண்டு மேசைக் கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள். 160 டிகிரி என்று போட்டிருந்தால் ஓவனை 170-ல் வையுங்கள். கேக் சீக்கிரம் இறுகினால்தான் எழும்பியது நிற்கும். இன்னொன்று, மலைக் குளிரில் வெண்ணெயை வெளியே வைத்தாலும் இளகாது. கெட்டி வெண்ணெயில் குளிர்ந்த முட்டையை உடைத்து ஊற்றினால் கலவை திரிந்துவிடும். பாத்திரத்தை வெதுவெதுப்பான தண்ணீர் மேல் வைத்து வெண்ணெயை இளக்குங்கள். முட்டைகளையும் பத்து நிமிடம் அதே சூட்டுத் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

பழத்தைச் சாறில் ஊற வைப்பவர்கள் குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நாளுக்கு மேல் வைக்க வேண்டாம், புளித்துவிடும். மாதக்கணக்கில் ஊறுவது ரம் போன்ற மதுவில் போட்டதுதான். கேக்குக்கு நிறம் தரும் சர்க்கரையைக் கருக்கும்போது கொதிக்கும் தண்ணீரைச் சிறிது சிறிதாக, தள்ளி நின்று ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் முகத்தில் தெறிக்கும்.

அச்சு முறுக்குக்கு வருவோம். அதிகம் பேர் கைவிட்ட பலகாரம் இதுதான், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பச்சரிசி மாவு அரை கிலோ, மைதா 100 கிராம், பொடித்த சர்க்கரை 200 கிராம், முட்டை இரண்டு, உப்பு ஒரு சிட்டிகை, எள் ஒரு மேசைக் கரண்டி. வீட்டில் ஊற வைத்து இடித்த ஈர மாவு என்றால் தேங்காய்ப்பால் அரை லிட்டர் போதும். கடை மாவு 650 மில்லி வரை குடிக்கும். தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்க வேண்டும். புது அச்சை முதல் நாள் இரவு அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு, மறுநாள் துடைத்து, எண்ணெயில் ஊற வைக்காமல் அடுப்புப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

அச்சை முதலில் எண்ணெயிலேயே ஐந்து நிமிடம் காய விடுங்கள். மாவில் முக்கால் உயரம் மட்டுமே முக்க வேண்டும். மேல் விளிம்பைத் தாண்டி மாவு ஏறினால் அச்சைக் கவ்விக்கொள்ளும், ஊசி வைத்துக் குத்தினாலும் விழாது. அச்சு சூடு போதாவிட்டால் மாவு ஒட்டாது. சூடு மீறினால் மாவுப் பாத்திரத்திலேயே வெந்து நழுவும். அரிசி மாவு அடியில் தங்கும் குணம் உள்ளது என்பதால் ஒவ்வொரு முறையும் கலக்கிவிட்டு முக்குங்கள். பத்து முறுக்கு நன்றாக வந்து, அதற்குப் பிறகு எல்லாம் உடைகிறது என்று சொல்பவர்கள் கலக்க மறந்தவர்கள்தான்.

மலையில் பொரிப்பதற்கும் ஒரு விதி உண்டு. உள்ளே இருக்கும் ஈரம் 95 டிகிரியிலேயே ஆவியாவதால் உள்பக்கம் வேகத் தாமதமாகும், வெளிப்பக்கம் அதற்குள் சிவந்துவிடும். அடுப்பைக் கொஞ்சம் தணித்து, நேரத்தைக் கூட்டிக் கொடுங்கள். ஆறியதும் மூடி இறுகிய டப்பாவில் போட்டுவிட வேண்டும். பனிமூட்டம் இறங்கும் மாலையில் தட்டில் திறந்து வைத்த அச்சு முறுக்கு ஒரு மணி நேரத்தில் நமுத்துப்போகும்.

வீடு கூடி உட்கார்ந்து செய்வதற்கென்றே இருப்பது கல்கல். அரை கிலோ மைதா, 50 கிராம் ரவை, 125 கிராம் பொடித்த சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், இரண்டு முட்டை, பிசையத் தேவையான கெட்டித் தேங்காய்ப்பால். ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வைத்த பிறகு, கோலிக்குண்டு அளவு உருட்டி, முள்கரண்டியின் பின்பக்கத்திலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்ட வேண்டும். ஊரிலிருந்து வந்த பிள்ளைகள், பெரியம்மா, அத்தை எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்தால் வேலை தெரியாது. சுருளின் ஓரத்தை அழுத்தி ஒட்டும்படி பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் விரிந்துவிடும். அடுப்பருகே மட்டும் அவர்களை விடவேண்டாம்.

கல்கல் மேல் பூசும் பாகை வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்கள், குறிப்பில் உள்ள எண்ணில் நாலைந்து டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். விரலிடையே இரட்டைக் கம்பி இழுத்துப் பார்க்கும் பாட்டி முறைக்கு மலையும் சமவெளியும் ஒன்றுதான். எனக்கு அதில்தான் நம்பிக்கை.

அதிரசம் செய்பவர்கள் வெளுத்த வெல்லத்தை வாங்காதீர்கள். அந்த வெளிர் மஞ்சள் பெரும்பாலும் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளால் வருவது. ஓமலூர் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஊர்கள் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, பழுப்பு வெல்லத்தைக் கேட்டு வாங்க முடியும்.

அக்கம்பக்கத்துக்குத் தட்டு கொண்டு போவது நம் ஊர் கிறிஸ்துமஸின் பெரிய அழகு. மேலே சொன்ன கேக், அச்சு முறுக்கு, கல்கல் மூன்றிலும் முட்டை உண்டு. முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு முட்டையில்லாத கல்கலைத் தனியாகப் பிசைந்து, முட்டை மாவு படாத எண்ணெயில் முதலில் பொரித்து, தனி டப்பாவில் வையுங்கள். கொடுக்கும்போது வாயால் சொல்லியும் கொடுங்கள். தெரியாமல் சாப்பிட்ட மனவருத்தம் எளிதில் போகாது.

எனவே ஒரு வேண்டுகோள். இந்த வருடக் குறிப்புகளை கிராம், மில்லி கணக்கில் வெளியிடுங்கள். 'ஒரு கப்' என்பது வீட்டுக்கு வீடு வேறு. கேக் குறிப்பின் கீழே மலையில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். ஏற்காடு மட்டுமல்ல, ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை வாசகர்களும் அதை வெட்டி வைத்துக்கொள்வார்கள். டிசம்பர் முதல் வாரத்திலேயே வந்தால், சாமான் வாங்க சேலம் இறங்கி வரவும் எங்களுக்கு நேரம் இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஏற்காடு, சேலம் மாவட்டம்.